சீனர்களுக்கு ஏன் கண்ணாடி அதிகம்? கிட்டப்பார்வை பற்றிய கேள்வி பதில்

கிட்டப்பார்வை சில இனத்தாரிடம் மிகுதியாகவும் சிலரிடம் குறைவாகவும் இருப்பது ஏன் என்று கேட்டு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பிள்ளையின் பவரை எழுதி மருந்து கேட்டவர்கள் மன்னிக்கவும். கண்ணைப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது.

ராஜேந்திரன், சிங்கப்பூர்: டாக்டர், என் மகனின் வகுப்பில் கண்ணாடி அணியாத சீனப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மலாய்ப் பிள்ளைகளிடமும் நம் பிள்ளைகளிடமும் அவ்வளவு இல்லை. இது அவர்கள் இரத்தத்திலேயே வருவதா?

நீங்கள் கவனித்தது சரிதான். 1996-97இல் சிங்கப்பூரில் தேசிய சேவை என்னும் கட்டாய ராணுவப் பயிற்சிக்கு வந்த 15,095 இளைஞர்களின் கண்களைப் பரிசோதித்தார்கள். சீனர்களில் 82.2 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை. இந்தியர்களில் 68.7, மலாய்க்காரர்களில் 65.0.

எல்லோரும் முதல் எண்ணைப் பார்த்துத்தான் வியக்கிறார்கள். எனக்கு மற்ற இரண்டும்தான் உறுத்துகின்றன. சிங்கப்பூர் இந்தியர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ஆந்திராவின் அன்றைய மகபூப்நகர் மாவட்டக் கிராமங்களில் 7 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளைச் சோதித்தபோது 4.1 விழுக்காட்டினருக்குத்தான் கிட்டப்பார்வை இருந்தது. டெல்லி நகரப் பிள்ளைகளில் 7.4. வயது வேறு என்பதால் நேருக்கு நேர் நிறுத்தி ஒப்பிடக்கூடாது. ஆனாலும் இடைவெளி எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

மலாய்ப் பிள்ளைகளை ஒரே வயதில் ஒப்பிட்ட ஆய்வும் உண்டு. 7 முதல் 9 வயதில் சிங்கப்பூரில் 22.1 விழுக்காடு, மலேசியாவில் 9.2. சீனப் பிள்ளைகளில் சிங்கப்பூரில் 40.1, மலேசியாவில் 30.9. எல்லையைத் தாண்டினால் அதே இனத்தின் எண் மாறுகிறது. ஆனால் எல்லைக்கு இரு பக்கமும் சீனப் பிள்ளைகளின் எண்தான் அதிகம். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். ‘இரத்தம்’ என்று ஒரே சொல்லில் முடித்தால் முதல் உண்மை விடுபட்டுப்போகும். ‘ஊர்’ என்று முடித்தால் இரண்டாவது.

மாலதி, டொராண்டோ: சீனர்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் கண்ணாடியோடுதானே இருக்கிறார்கள்?

சிட்னியில் அப்படி இல்லை. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வைக் கண் மருத்துவம் படிக்கிற எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. சீன வம்சாவளியைச் சேர்ந்த 6, 7 வயதுப் பிள்ளைகளைச் சிங்கப்பூரிலும் சிட்னியிலும் சோதித்தார்கள். சிங்கப்பூரில் 29.1 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 3.3.

பெற்றோரின் கண்ணில் வேறுபாடு இருக்குமோ என்று பார்த்தார்கள். தாய் தந்தையரில் ஒருவருக்காவது கிட்டப்பார்வை இருந்த குடும்பங்கள் சிங்கப்பூரில் 71 விழுக்காடு, சிட்னியில் 68. ஏறக்குறைய ஒன்றுதான். சிட்னிப் பிள்ளைகள் புத்தகம் தொடுவதில்லையோ என்றால், வாரத்துக்கு அவர்கள் படித்த புத்தகங்கள்தான் அதிகம். பெரிதாக மாறியது வீட்டுக்கும் வகுப்புக்கும் வெளியே கழிந்த நேரம். சிட்னியில் வாரத்துக்குப் பதின்மூன்றே முக்கால் மணி, சிங்கப்பூரில் மூன்று மணியும் சில நிமிடங்களும். நாளுக்கு அரை மணிகூட இல்லை! ஜெயில் கைதிக்குக்கூட அதைவிடக் கூடுதலாக வெளியே நடக்க விடுவார்கள் என்று வகுப்பில் சொல்லிச் சிரிப்பேன், சிரிக்கிற விஷயமில்லைதான். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் எழுத்துப் படிக்கத் தொடங்கும் வயதும் முன்னதாகவே வந்துவிடுகிறது.

ஒன்றை மறைக்கக்கூடாது. அதே சிட்னியில் 12 வயதில் பார்த்தால் கிழக்காசியப் பிள்ளைகளின் விகிதம் ஐரோப்பிய வம்சாவளிப் பிள்ளைகளைவிட மிக அதிகம். அந்த வயதில் தனிப்பயிற்சியும் தேர்வும் அவர்கள் வாழ்க்கைக்குள் வந்துவிடுகின்றன.

செல்வகுமார், நாமக்கல்: சீனர்களின் கண் இடுக்கமாக இருப்பதால் வெளிச்சம் உள்ளே போவதில்லை, அதனால்தான் என்கிறார்களே?

சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் என்ற பகுதியில் 40 வயதைத் தாண்டிய சீனர்களைச் சோதித்தபோது 38.7 விழுக்காட்டினருக்குத்தான் கிட்டப்பார்வை. அவர்கள் பிள்ளைகளின் தலைமுறையில் 82. இமை ஒரு தலைமுறையில் இடுங்கிவிடாது.

டாக்டர் கோ. ரேவதி, பெரம்பலூர் (பொது மருத்துவர்): வெயிலுக்கும் விழிக்கோளத்தின் நீளத்துக்கும் என்ன தொடர்பு? நோயாளிகளுக்கு எளிதாகச் சொல்லும்படி விளக்குங்கள், மேடம்.

பிறந்த குழந்தையின் விழிக்கோளம் முன்னிருந்து பின்னாக 17 மில்லிமீட்டர் அளவு இருக்கும். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 24. வளர்கிற கண், தன் முன்பக்க லென்ஸ்கள் பிம்பத்தை எங்கே குவிக்கின்றனவோ அங்கே விழித்திரை வந்து நிற்கும்படி தன் நீளத்தைத் தானே திருத்திக்கொண்டே வளர்கிறது. அந்த இடத்தைத் தாண்டியும் வளர்ந்துவிட்டால் பிம்பம் திரைக்கு முன்னாலேயே விழும். அதுதான் கிட்டப்பார்வை. ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஏறக்குறைய இரண்டரை டயாப்டர் மைனஸ் பவர் (டயாப்டர் என்பது கண்ணாடிப் பவரின் அலகு).

இந்த வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுவதில் விழித்திரையில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. பிரகாசமான ஒளியில் டோபமைன் அதிகம் சுரக்கிறது. கோழிக்குஞ்சுகளின் கண்ணுக்கு மங்கலான மறைப்பைப் போட்டால் விழி நீண்டு கிட்டப்பார்வை வந்துவிடும்; நாள்தோறும் பதினைந்து நிமிடம் மறைப்பை எடுத்துவிட்டுப் பலத்த ஒளியில் விட்டபோது அந்த நீட்சி மட்டுப்பட்டது.

நோயாளிகளிடம் நான் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒளிமானியைக் காட்டிவிடுவேன். என் அறையில் டியூப்லைட்டுக்குக் கீழே, நாம் ‘நல்ல வெளிச்சம்’ என்று சொல்லும் மேசையில் வைத்தால் 300, 400 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு). அப்படியே தாயையும் பிள்ளையையும் வாசலில் நிற்கும் வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போய் அதே கருவியை நீட்டினால் எண் ஆயிரங்களில் ஓடும். வெட்டவெளியில் அது 50,000த்தைத் தாண்டும். நம் கண் இரண்டு இடத்துக்கும் பழகிக்கொள்வதால் வித்தியாசம் தெரிவதில்லை. பிள்ளைகள் கருவியைக் கேட்டு வாங்கி நிழலுக்கும் வெயிலுக்குமாக ஓடுவார்கள். அதுவரை நம்பாத அப்பாக்கள்கூட அந்த எண்ணைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடுவதுண்டு.

சுந்தரமூர்த்தி, காரைக்குடி: எனக்கும் மனைவிக்கும் கண்ணாடி. இரண்டு பிள்ளைகளுக்கும் கண்ணாடி. பரம்பரை இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பரம்பரை இல்லை என்று நான் சொல்லவில்லை, ஐயா. பெற்றோர் இருவருக்கும் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுதல்தான். ஒரே கருவில் பிரிந்த இரட்டையரிடம் கண்ணின் பவர் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போகிறது. 2018இல் 1,60,000க்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவலை ஆராய்ந்து, பவரோடு தொடர்புடைய 161 இடங்களைக் கண்டார்கள். ஆனால் அத்தனையும் சேர்ந்து ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 7.8 விழுக்காட்டைத்தான் விளக்கின.

ஒரே பள்ளியில் ஒரே மாதிரி வளரும் பிள்ளைகளில் யாருக்கு முதலில் பவர் ஏறும் என்பதை மரபணு பெருமளவு தீர்மானிக்கலாம். அந்தப் பள்ளியில் மொத்தம் எத்தனை பேருக்கு ஏறும் என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பிள்ளைகளின் நாள் எப்படிக் கழிகிறது என்பதே. இந்த இரண்டு கேள்விகளையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இவ்வளவு சண்டை.

அலாஸ்காவின் வடகோடியில் பாரோ என்ற ஊர் (இன்று உட்கியாக்விக்). அங்கே 1969இல் இனுவிட் பழங்குடிக் குடும்பங்களைச் சோதித்தார்கள். கடல் வேட்டையில் வளர்ந்த, பள்ளியை அதிகம் காணாத மூத்தவர்கள் 131 பேரில் இருவருக்கு மட்டுமே கிட்டப்பார்வை. பள்ளிக்கூடம் போன அவர்களுடைய பிள்ளைகளிலும் பேரப்பிள்ளைகளிலும் பாதிக்கு மேல். தாத்தாவின் மரபணுதான் பேரனிடமும் இருக்கிறது.

அருட்செல்வி, தஞ்சாவூர் (ஆசிரியை): படிப்புதான் காரணம் என்றால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே அளவில்தானே வரவேண்டும்?

இருவரும் ஒரே அளவு படித்தால் அப்படித்தான் வரும். ஒரே அளவு படிக்காத இடம் ஒன்று இருக்கிறது. 1993இல் ஜெருசலேமில் 14 முதல் 18 வயது மாணவர்களிடம் நடந்த ஆய்வு அது. பொதுப் பள்ளி மாணவர்களில் 27.4 விழுக்காட்டினருக்கும் மாணவிகளில் 31.7 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை. தீவிர யூத சமயக் குடும்பத்துப் பெண்களில் 36.2. அதே சமயக் குடும்பத்துப் பையன்களில் 81.3!

அக்கா தங்கைக்கு ஒன்று, அண்ணன் தம்பிக்கு ஒன்று என்று மரபணு பிரிந்து வருவதில்லை. பிரிந்தது பள்ளி. பையன்கள் சின்ன வயதிலேயே யெஷிவா என்னும் சமயப் பள்ளியில் சேர்ந்து நாள் முழுவதும் தல்மூத் என்னும் சமயச் சட்ட நூலைப் படிக்கிறார்கள். பக்கத்தின் நடுவில் மூலம், சுற்றிலும் மிகப் பொடி எழுத்தில் உரைகள். உடம்பை முன்னும் பின்னும் ஆட்டியபடி படிப்பது வழக்கமாதலால், எழுத்துக்கும் கண்ணுக்குமான தூரம் நொடிக்கு நொடி மாறுகிறது. கண் ஓயாமல் குவியத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆய்வாளர்கள் இந்த ஆட்டத்தையும் ஒரு காரணமாகக் கருதினார்கள். எனக்கு அதைவிட அந்த நீண்ட உள்ளிருப்பு நேரத்தின் மீதுதான் சந்தேகம் அதிகம்.

பிரிட்டனில் 67,000க்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவலைக் கொண்டு 2018இல் நடந்த ஆய்வும் இதே பக்கம்தான் கைகாட்டுகிறது: ஓராண்டு கூடுதல் கல்விக்கு 0.27 டயாப்டர் மைனஸ். கல்வி கண்ணைப் பாதிக்கிறதே தவிர, கிட்டப்பார்வை உள்ளவர்கள் அதனால் அதிகம் படிப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. கண்ணாடி போட்டவர் புத்திசாலி என்ற நம் ஊர் நம்பிக்கையைப் பாராட்டிக் குதிப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம்.

கிருஷ்ணவேணி, லண்டன்: இங்கே ஒரே பள்ளியில் படித்தும் தெற்காசியப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி அதிகமாக இருக்கிறதே? யாழ்ப்பாணத்தில் என் வயதுப் பிள்ளைகளிடம் இவ்வளவு பார்த்ததில்லை.

இங்கிலாந்தில் 10, 11 வயதுப் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கில் தெற்காசியர் 25.2 விழுக்காடு, ஆப்பிரிக்க கரீபியர் 10.0, வெள்ளையர் 3.4. பள்ளி ஒன்றானாலும் பள்ளி விட்டபின் வரும் மாலை ஒன்றல்ல, அம்மா. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, வயலின், ‘கிராமர் ஸ்கூல்’ எனப்படும் பள்ளிகளின் நுழைவுத் தேர்வுக்குத் தனிப்பயிற்சி என்று நம் வீடுகளில் வாரம் எப்படிப் போகிறது என்பது உங்களுக்கே தெரியும். ஒரே அளவு நெருக்கடி வந்தாலும் சிலருடைய கண் சீக்கிரம் இணங்கிவிடும் என்பதற்கும் இடம் வைத்திருக்கிறேன். மரபணு நுழைவது அங்கேதான். நீங்கள் யாழ்ப்பாணத்தைச் சொன்னதே பாதிப் பதில்.

பெயர் வேண்டாம், கோவை: எல்லாம் செல்போன் செய்த வேலை என்கிறார் என் மாமியார்.

மேலே உள்ள ஆண்டுகளைப் படித்துக் காட்டுங்கள்: 1969, 1993, 1996. ஒன்றிலும் ஸ்மார்ட்போன் கிடையாது. 1867இலேயே பிரெஸ்லாவ் நகரில் ஹெர்மன் கோன் என்ற மருத்துவர் பத்தாயிரம் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து, வகுப்பு ஏற ஏறக் கிட்டப்பார்வையும் ஏறுகிறது என்று எழுதிவிட்டார். போன் புதிய கூட்டாளி. பிள்ளையை வீட்டுக்குள் உட்கார வைப்பதில் கெட்டிக்காரக் கூட்டாளி என்பதால் மாமியாரின் கோபத்தையும் முழுதாகத் தள்ளிவிட மாட்டேன்.

இளவரசன், விழுப்புரம்: இரவு விளக்கு எரிந்தால் குழந்தைக்குக் கிட்டப்பார்வை வருமா?

1999இல் அப்படி ஒரு கட்டுரை வந்து உலகமே பயந்தது. மறு ஆண்டே வேறு இரண்டு குழுக்கள் சோதித்தபோது அந்தத் தொடர்பு தென்படவில்லை. கிட்டப்பார்வையுள்ள பெற்றோர்தான் குழந்தை அறையில் விளக்கை அதிகம் எரியவிடுகிறார்கள் என்பதையும் கண்டார்கள். பிள்ளைக்கு வந்தது விளக்கிலிருந்து அல்ல, விளக்கைப் போட்டவரிடமிருந்து.

ஜெயந்தி, மதுரை: கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும் என்று குறைத்துப் போடச் சொல்கிறார்கள்.

வேண்டாம். மலேசியாவில் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சரியான பவர் போட்டவர்களைவிட அவர்களுக்குத்தான் வேகமாக ஏறியது.

முகமது ரஃபி, திருச்சி: பதினெட்டு வயதில் லேசர் செய்துவிட்டால் தீர்ந்தது, இதற்குப் போய் ஏன் இவ்வளவு கவலை?

லேசர் கருவிழியின் வளைவைத்தான் மாற்றும். நீண்டுவிட்ட விழிக்கோளம் நீண்டபடியேதான் இருக்கும். மைனஸ் 6ஐத் தாண்டியவர்களுக்கு விழித்திரை விலகல், மையத்திரைச் சிதைவு, கண் நீர் அழுத்த நோய் ஆகியவற்றின் ஆபத்து கூடுதல். லேசர் செய்துகொண்டு கண்ணாடியைத் தூக்கி எறிந்தபின் ஆண்டுப் பரிசோதனைக்கு வராமல் போகிறவர்கள்தான் என் கவலை. ஏறுகிற வயதில் வேகத்தைக் குறைக்க, குறைந்த வீரிய அட்ரோபின் சொட்டு மருந்தும் அதற்கென்றே செய்த கண்ணாடி வில்லைகளும் இருக்கின்றன. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற மருந்தல்ல அது.

சரஸ்வதி, சேலம்: பேத்தியை வெயிலில் விளையாட விடச் சொல்கிறீர்கள். பெண் பிள்ளை கறுத்துப்போய்விடுவாளே, டாக்டர்?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன், பாட்டி. கறுத்தால் என்ன என்று உங்களோடு சண்டை போட ஆசைதான். அது வேறு நாளைக்கு. வெயிலே வேண்டாம், நிழல் போதும். தைவானில் நடந்த பள்ளி ஆய்வில் 1,000 லக்ஸ் அளவு ஒளிகூடப் பயன் தந்தது. மர நிழல் அதைத் தாராளமாகத் தரும். தொப்பி போட்டுக்கொள்ளட்டும்.

சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் 40 நிமிடம் வெளிப்புற வகுப்பைக் கூட்டிப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 விழுக்காடு, மற்றப் பள்ளிகளில் 39.5. தைவான் 2010இல் நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியே என்று பள்ளிகளுக்குத் திட்டமே வகுத்தது. ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டிருந்த பார்வைக் குறைவு விகிதம் அதற்குப் பின் இறங்கத் தொடங்கியது. அதே சீனப் பிள்ளைகள்தான்.

சேலத்தில் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் வெயில் அவ்வளவு உறைக்காது. மாலையில் டியூஷன் இருக்கிறது என்பீர்கள். டியூஷன் ஆசிரியை வீட்டில் வாசலோ மொட்டை மாடியோ இருந்தால், இருட்டும்வரை அங்கே பாய் விரித்து நடத்தச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.