தூரத்துத் தோணியைக் 'குட்டித் தோணி' என்கிற பிள்ளை

வணக்கம் ரீச்சர். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் தரம் 3 படிக்கும் உங்கள் மாணவன், படத்தில் தூரத்தில் போகும் தோணியைக் 'குட்டித் தோணி' என்கிறான், கண்ணில் குறையா, புத்தியில் குறையா என்று கேட்டிருந்தீர்கள். வாவியில் தூரம் கணித்துத் தோணி வலிக்கிறான் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இரண்டும் இல்லை என்றே நினைக்கிறேன். படத்தில் ஆழம் தெரிவது, அதாவது எது கிட்ட, எது தூர என்று புரிவது, படம் பார்த்துப் பழகப் பழகத்தான் தெளிவாகும்.

1960இல் தென்னாப்பிரிக்காவில் ஹட்சன் என்பவரின் ஆய்வு வெளிவந்தது. அவர் காட்டிய படத்தில் முன்னால் ஈட்டியோடு வேட்டைக்காரன், ஒரு மான். நடுவே தொலைவுக் குன்றில் சிறிதாக யானை. வேட்டைக்காரனுக்குக் கிட்ட நிற்பது எது என்றால், பள்ளிக்கூடம் அதிகம் போகாத பலர் யானை என்றார்கள். அவர்களுக்குப் படத்தில் ஆழம் தெரியாது என்று அவர் முடிவு கட்டியதை என்னால் ஏற்கமுடியவில்லை. அது வெறும் கோட்டுப் படம், தரையில் ஒரு புல்கூட இல்லை! பிறகு ஜகோடா, மக்கர்க் என்ற ஆய்வாளர்கள் கானா, ஸ்கொட்லாந்துப் பிள்ளைகளுக்குத் தரை தெளிவாகத் தெரியும் படங்களைக் கொடுத்து, வாயால் கேட்காமல், படத்தில் உள்ளபடி பொம்மைகளைப் பலகையில் வைக்கச் சொன்னார்கள். சின்னஞ்சிறுசுகளும் ஆழத்தைக் கண்டுகொண்டார்கள்.

நீங்களும் மேசையில் தீப்பெட்டிகளைத் தோணிகளாக வைக்கச் சொல்லிப் பாருங்கள். ஒன்றையொன்று மறைக்கும் படங்களில் தொடங்குங்கள், அதுதான் லேசு. அப்புறம் வாவிக்கரையில் ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, வருகிற தோணியைப் பெருவிரலால் அளக்கச் சொல்லுங்கள். கிட்ட வர வர விரலைத் தாண்டித் தோணி நீள்வதை அவனே காண்பான். அன்றைக்கே அதை வரையக் கொடுங்கள். கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கினால் மட்டும் கண் வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள்.