எம்.இ.ஐ. தகுதியும் அந்த 15 மணி நேரமும்

கேள்வி: அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்தில் ஒற்றை எஞ்சின் விமானங்களில் பயிற்றுநராக இருக்கிறேன். சி.எஃப்.ஐ. (விமானப் பயிற்றுநர்), சி.எஃப்.ஐ.ஐ. (கருவிப் பறத்தல் பயிற்றுநர்) இரண்டும் உண்டு, கமர்ஷியல் லைசென்ஸ் ஒற்றை எஞ்சினுக்கு மட்டுமே. மல்டி எஞ்சின் பயிற்றுநர் தகுதியை (எம்.இ.ஐ.) குறைந்த செலவில் விரைவாகப் பெற விரும்புகிறேன். மூன்று நாளில் மல்டி ரேட்டிங் (இரட்டை எஞ்சின் விமானத்தை ஓட்டும் தகுதி), அடுத்த மூன்று நாளில் எம்.இ.ஐ. என்று வரும் விளம்பரங்களை நம்பிச் சேரலாமா?

பதில்: சேரலாம், ஆனால் பணம் கட்டுவதற்கு முன்பு ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். எம்.இ.ஐ. பறத்தல் தேர்வுக்குப் (செக்ரைடு) போகும் நாளில் உங்கள் லாக்புக்கில் மல்டி எஞ்சின் விமானத்தில் பைலட் இன் கமாண்டாக, அதாவது பொறுப்பு விமானியாக, 15 மணி நேரம் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் விதி 61.183. அந்த 15 மணி நேரம் அவர்கள் சொல்லும் தொகைக்குள் அடங்குமா என்பதே கேள்வி.

இதில்தான் பலர் சிக்குகிறார்கள். ஏற்கெனவே கமர்ஷியல் லைசென்ஸ் வைத்திருப்பவர் மல்டி எஞ்சின் ரேட்டிங்கைச் சேர்த்துக்கொள்ளக் குறைந்தபட்சப் பறத்தல் நேரம் என்று எதுவும் விதிக்கப்படவில்லை, எழுத்துத் தேர்வும் இல்லை என்பதால், நன்றாகப் பறப்பவர் பத்து மணி நேரத்துக்கு உள்ளாகவே தேர்வுக்குத் தயாராகிவிடுவார். ஆனால் அந்தப் பயிற்சியின்போது அவரிடம் மல்டி ரேட்டிங் இல்லாததால், அந்த நேரம் பயிற்சி நேரமாகப் பதிவாகுமே தவிர, பைலட் இன் கமாண்ட் நேரமாகாது. மூன்றாம் நாள் கையில் ரேட்டிங் இருக்கும். 15 மணி நேரக் கணக்கு ஏறக்குறைய பூஜ்யத்தில் நிற்கும். சரி, தனியாக வாடகைக்கு எடுத்துப் பறந்து நிரப்பலாம் என்றால், காப்பீட்டு நிபந்தனைகளின் காரணமாகப் புதிதாக ரேட்டிங் பெற்றவரிடம் இரட்டை எஞ்சின் விமானத்தைத் தனியாகக் கொடுக்க அநேகமாக யாரும் சம்மதிப்பதில்லை.

ஆகவே ரேட்டிங் கிடைத்த பிறகு செலவழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இரண்டு வேலை செய்ய வேண்டும். எம்.இ.ஐ. பயிற்சிக்கும் குறைந்தபட்ச நேரம் விதிக்கப்படவில்லை. ரேட்டிங் பெற்றபின் கட்டுப்பாடுகளை நீங்களே இயக்கும் நேரம், பக்கத்தில் பயிற்றுநர் இருந்தாலும், பைலட் இன் கமாண்டாகப் பதிவாகும். பயிற்றுநர் செய்து காட்டும் நிமிடங்கள் அப்படிப் பதிவாகாது என்பதால், 'ஒருமுறை நான் காட்டுகிறேன்' என்பவரிடம் தரையிலேயே காட்டச் சொல்லுங்கள். மீதி நேரத்தை, உங்களைப் போலவே நேரம் தேடும் மல்டி ரேட்டிங் உள்ள இன்னொருவருடன் பகிர்ந்துகொள்ளலாம். ஒருவர் ஹூட் (வெளிக் காட்சியை மறைக்கும் மறைப்பு) அணிந்து கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட, மற்றவர் வெளியே கண்காணிக்கும் சேஃப்டி பைலட்டாகவும் பறத்தலுக்குப் பொறுப்பேற்கும் பைலட் இன் கமாண்டாகவும் இருந்தால் இருவரும் அந்த நேரத்தைப் பதியலாம், வாடகை பாதியாகும். அந்த விமானத்தின் காப்பீடு அதற்கு இடம் தருகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

முதலில் பிரைவேட் (சொந்தப் பறத்தலுக்கான லைசென்ஸ்) நிலையில் மல்டி ரேட்டிங் எடுத்துவிட்டு, கமர்ஷியல் பயிற்சியின் நேரத்தைக் கணக்கில் சேர்க்கும் வழியும் உண்டு. அதனால் மிச்சமாகும் சில மணி நேர வாடகையைக் கூடுதல் தேர்வாளர் கட்டணமும் அவருடைய தேதிக்கான காத்திருப்பும் தின்றுவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

எந்த விமானம் என்பதும் பணத்தைத் தொடும். மல்டி எஞ்சினில் ரேட்டிங்குக்கான பயிற்சி தர, அதே தயாரிப்பிலும் மாடலிலும் பயிற்றுநருக்குக் குறைந்தது 5 மணி நேர பைலட் இன் கமாண்ட் அனுபவம் வேண்டும் என்கிறது 61.195. மலிவாகக் கிடைக்கிறதே என்று பீச்கிராஃப்ட் டச்சஸில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, பைப்பர் செமினோல் வைத்திருக்கும் பள்ளியில் வேலைக்குப் போனால், அந்த 5 மணி நேரத்துக்கு யார் பணம் கொடுப்பது என்ற பேச்சு வரும். வேலை கிடைக்கக்கூடிய பள்ளி எதைப் பறக்கவிடுகிறதோ அதிலேயே பயிலுங்கள்.

எழுத்துத் தேர்வு, கற்பித்தல் அடிப்படைகள் ஆகியவற்றை நீங்கள் சி.எஃப்.ஐ.க்காக முடித்துவிட்டதால் அவை மீண்டும் வராது. தேர்வு 2024 மே 31 முதல் நடைமுறையில் உள்ள பயிற்றுநர் ஏ.சி.எஸ். தரநிலையின்படி நடக்கும்; கூடுதல் ரேட்டிங்குக்கு எந்தெந்தப் பகுதிகள் என்ற அட்டவணை அதிலேயே இருக்கிறது. அமெரிக்கக் குடியுரிமை இல்லையென்றால், மல்டி ரேட்டிங் பயிற்சிக்கு முன்பே டி.எஸ்.ஏ. (போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு) அனுமதி முடிந்திருக்க வேண்டும். விடுப்பு எடுத்து ஊர் கடந்து போனபின் இது நினைவுக்கு வந்தால் வாரக்கணக்கில் போய்விடும்.

உண்மையான சிக்கனம் வீட்டு மேசையில் நடக்கிறது. வி.எம்.சி. (ஒரு எஞ்சின் நின்றபோதும் விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைக்க முடிகிற மிகக் குறைந்த வேகம்) பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செமினோலின் வேகமானியில் அதைக் காட்டும் சிவப்புக் கோடு 56 நாட், ஒரே எஞ்சினில் மேலேறச் சிறந்த வேகத்தைக் காட்டும் நீலக் கோடு 88 நாட். ஒரு த்ராட்டிலை முழுதும் இழுத்து, மறுபக்கம் முழு சக்தி கொடுத்து, மூக்கைத் தூக்கி வேகத்தை நொடிக்கு ஒரு நாட் அளவில் குறைத்துக்கொண்டே வந்தால், மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரட்டரின் மிதி அதன் எல்லையில் முட்டி நிற்க, மூக்கு செயலிழந்த எஞ்சின் பக்கம் நழுவத் தொடங்கும். உடனே சக்தியைக் குறைத்து மூக்கைத் தாழ்த்த வேண்டும். டர்போ இல்லாத எஞ்சினில் உயரம் கூடக் கூட வி.எம்.சி. குறைகிறது, ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) வேகம் காட்டும் எண்ணோ மாறுவதில்லை. இரண்டும் நெருங்கும் நாளில் இந்தப் பாடம் ஸ்பின்னில் (விமானம் சுழன்று விழுவதில்) முடியலாம். அதனால்தான் மாணவரின் ரட்டர் மிதியைப் பயிற்றுநர் தன் காலால் தடுத்து, அந்த நழுவலை அதிக வேகத்திலேயே காட்டும் முறை இருக்கிறது. செமினோலின் ப்ரொப்பெல்லர்கள் எதிரெதிராகச் சுழல்வதால் அதில் கிரிட்டிகல் எஞ்சின் (நின்றால் மற்றதைவிட அதிகச் சிக்கல் தரும் எஞ்சின்) கிடையாது. ஆனாலும் ஒரு எஞ்சின் கிரிட்டிகல் ஆவதற்கான நான்கு காரணங்களையும் தேர்வாளர் கேட்பார். சுழற்சி 950 ஆர்.பி.எம்.முக்குக் கீழே இறங்கிவிட்டால் ப்ரொப்பெல்லர் ஏன் ஃபெதர் ஆகாது (காற்றைத் தடுக்காதபடி அதன் அலகுகள் ஏன் திரும்பாது) என்றும் கேட்கலாம். இவற்றை வெள்ளைப் பலகையில் படம் போட்டு, எதிரே ஒருவரை உட்காரவைத்துச் சொல்லிப் பழகிவிட்டால், எஞ்சின் ஓடும்போது இதற்கெல்லாம் காசு கொடுக்க வேண்டியிருக்காது. வலது இருக்கைப் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருப்பது பெரிய சேமிப்பு.

விலை கேட்கும்போது நாட்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, எத்தனை மணி நேரம், எரிபொருள் உட்பட்டதா, தரைப் பாடத்துக்கு தனிக் கட்டணமா, தேர்வாளர் கட்டணம் யார் தலையில், வானிலையால் தேர்வு தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று கேளுங்கள். தேர்வாளரின் கட்டணத்தை எஃப்.ஏ.ஏ. நிர்ணயிப்பதில்லை, ஊருக்கு ஊர் மாறும்.

விமான நிறுவன வேலைக்கான மல்டி எஞ்சின் ஏ.டி.பி. லைசென்ஸுக்கு, மொத்த நேரத்துக்குள் 50 மணி நேரம் மல்டி எஞ்சினில் இருக்க வேண்டும். அதில் 25 வரை அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியின் சிமுலேட்டரில் வரலாம். அந்த நேரத்தைச் சம்பளம் வாங்கிக்கொண்டே சேர்ப்பதற்குத்தான் எம்.இ.ஐ. எனவே உங்கள் பகுதியில் மல்டி மாணவர்கள் போதுமான அளவு இருக்கிறார்களா என்று, பயிற்சிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இரண்டு பள்ளிகளிலாவது நேரில் போய் விசாரித்துவிடுங்கள்.