வீட்டில் கேட்டுப் பார்த்து வாங்குவது: உயர்விலை ஹெட்ஃபோன்களும் திருப்பி அனுப்பும் உரிமையும் (கேள்வி பதில்)

ஜெர்மனியில் பல ஆண்டுகளாக ஹெட்ஃபோன்களை வாங்கியும் திருப்பியும் பழகியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஐரோப்பியக் கடைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல முடியும். மற்ற நாடுகளுக்குச் சுருக்கமாகத்தான் சொல்வேன்.

பிராங்க்ஃபர்ட்டிலிருந்து: ஆயிரம் யூரோவுக்கு மேல் கொடுத்து சென்ஹைசர் எச்டி 800 எஸ் வாங்க எண்ணுகிறேன். பிடிக்காவிட்டால் திருப்பிவிடலாம் என்கிறார்களே, அது சட்டமா, கடைக்காரரின் தயவா?

இரண்டும் கலந்தது; எது எதுவரை என்பதை அறிந்துகொண்டால்தான் பணம் தப்பும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை ஆணையின்படி, இணையத்தில் வாங்கிய பொருள் கைக்கு வந்த பிறகு 14 நாட்களுக்குள், காரணம் எதுவும் சொல்லாமல் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். ஜெர்மனியில் இது 2014 ஜூன் 13 முதல் நடைமுறையில் உள்ளது. பொருளின் விலையோடு, உங்களுக்கு அனுப்பிய சாதாரணத் தபால் செலவையும் கடை திருப்பித் தர வேண்டும். திருப்பி அனுப்பும் செலவு மட்டும், கடை ஏற்றுக்கொண்டாலொழிய, உங்களுடையது. அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் கடையின் தாராளம்: பவேரியாவின் ட்ரெப்பென்டார்ஃபில் 1954 முதல் இயங்கும் தோமன் என்ற இசைக்கருவிக் கடை தருகின்ற 30 நாள் அவகாசம் அந்த வகை.

பலர் படிக்காமல் விடும் வரி ஒன்று உண்டு. பொருளின் தன்மையையும் இயக்கத்தையும் அறிந்துகொள்ளத் தேவையான அளவுக்கு, அதாவது கடையில் நின்று பார்ப்பது போல, நீங்கள் அதைக் கையாளலாம். அதைத் தாண்டிப் பயன்படுத்தி மதிப்பைக் குறைத்தால், குறைந்த மதிப்பைக் கடை கழித்துக்கொள்ளலாம். எனக்கு அது நேர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்த தலையோடு ஒரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். சாம்பல் நிற வெல்வெட் காது மெத்தையில் தேங்காய் எண்ணெய் கட்டைவிரல் அகலத்துக்கு இறங்கிவிட்டது. கடை விலையில் ஒரு பகுதியைக் கழித்தது. வாதாட எனக்கு வாய் இல்லை. ஆகவே எண்ணெய் வைத்த தலையோடு மாட்டாதீர்கள், பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து: காதுக்குள் செருகும் வகையைத் திருப்ப முடியாது, சுகாதாரக் காரணம் என்று கடை சொல்கிறது. சரியா?

சுகாதாரம் கருதி முத்திரையிட்ட பொருளைப் பிரித்துவிட்டால் விலகும் உரிமை இல்லை என்ற விலக்கு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அதை நீதிமன்றம் குறுகலாகவே படிக்கிறது. இணையத்தில் படுக்கை மெத்தை வாங்கி அதன் பாதுகாப்பு உறையைப் பிரித்த ஒருவரின் வழக்கில், துணியைப் போல மெத்தையையும் சுத்தம் செய்து மீண்டும் விற்கலாம், ஆகவே உரிமை போகாது என்று 2019 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படுத்துப் பார்த்த மெத்தைக்கே அப்படியென்றால், சிலிகான் முனையைக் கழற்றி மாற்றக்கூடிய இயர்ஃபோனுக்கு அந்த வாதம் இன்னும் பொருந்தும் என்பது என் கருத்து. காதின் அச்செடுத்து உங்களுக்கென்றே செய்தது வேறு. அதைத் திருப்ப முடியாது.

பெர்லினிலிருந்து: கடைக்கே நேரில் சென்று வாங்கினேன். 14 நாள் உண்டுதானே?

இல்லை. அந்த உரிமை இணையம், தொலைபேசி போன்ற வழிகளில் வாங்கியவர்களுக்கு. நேரில் வாங்கியதைத் திருப்ப முடியுமா என்பது அந்தக் கடையின் விருப்பம்.

பாரிஸிலிருந்து: இரண்டு வாரத்தில் ஒரு ஹெட்ஃபோனை எப்படி முறையாகச் சோதிப்பது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். முதல் மாலை மாட்டியதும் "ஆகா" என்பதை நம்பாதீர்கள். புதியது எப்போதும் அப்படித்தான் கேட்கும். முதலில் எடையைப் பாருங்கள். எச்டி 600 ஏறத்தாழ 260 கிராம், எச்டி 800 எஸ் 330 கிராம், ஆடீஸ் எல்சிடி-எக்ஸோ 600 கிராமைத் தாண்டும். கடையில் பத்து நிமிடம் நிற்கும்போது தெரியாத வலி, வீட்டில் இரண்டாம் மணி நேரத்தில் கழுத்தில் தெரியும். ஆகவே மூன்று நாட்களாவது முழுக் கச்சேரி ஒன்றை இடையில் கழற்றாமல் கேளுங்கள். கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடே கேட்க வேண்டும்; கண்ணாடிக் காம்பு காது மெத்தையைத் தூக்கினால் பேஸ் எனும் தாழ் ஒலி கசிந்துவிடும்.

அடுத்தது ஒலி அளவு. இரண்டு ஹெட்ஃபோன்களை ஒப்பிடும்போது சற்றே உரக்கக் கேட்பதுதான் நல்லது போலத் தோன்றும். ஒரு டெசிபெல் வேறுபாடே தீர்ப்பை மாற்றிவிடும். ஒரு தடித்த அட்டையில் துளையிட்டு, அதில் தொலைபேசியின் மைக்கைப் பொருத்தி, ஹெட்ஃபோனை அட்டையின் மேல் அழுத்தி வைத்து, இரண்டிலும் ஒரே இரைச்சல் ஒலியை ஓட்டி அளவைச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். துல்லியமான அளவீடு அல்ல, ஆனால் குமிழைக் கண்மதிப்பில் திருப்புவதைவிட மேல்.

பாட்டைப் பொறுத்தவரை, கடைகள் போட்டுக் காட்டும் பளபளப்பான ஒலிப்பதிவுகளை விட்டுவிட்டு, நீங்கள் நூறு முறை கேட்டதை எடுங்கள். நான் மிருதங்கத்தில் தொப்பி எனும் இடப்பக்கத்தின் கும்கியையும் வலந்தலை எனும் வலப்பக்கத்தின் நாதத்தையும் தனித்தனியே தொடர முடிகிறதா என்று பார்ப்பேன். பிறகு ஒரு நாகஸ்வரப் பதிவு. பழைய எச்டி 800இல் 6 கிலோஹெர்ட்ஸ் அருகே, அதாவது உயர் ஒலியில், இருந்த துருத்தல் சீவாளியின் கூர்மையைக் காதில் குத்தவைக்கும். 2016இல் வந்த எஸ் வகையில் அதை அடக்கியிருக்கிறார்கள். உங்கள் காதுக்கு அது போதுமா என்பதை வீட்டில்தான் அறிய முடியும்.

லியோனிலிருந்து: 200 மணி நேரம் ஓடவிட்டால்தான் ஒலி "திறக்கும்" என்கிறார்களே?

அந்த 200 மணி நேரத்தைக் காலண்டரில் எண்ணிப் பாருங்கள். தினமும் பத்து மணி நேரம் ஓடவிட்டாலும் இருபது நாள். 14 நாள் அவகாசம் முடிந்திருக்கும். பெரும்பாலும் மாறுவது நம் காதின் பழக்கம்தான். முதல் வாரத்தில் பிடிக்காததைப் பழகிப் பிடிக்கவைத்துக்கொள்ளாதீர்கள்.

வியன்னாவிலிருந்து: எனக்கு 100 மணி நேரம் போதும் என்றார்கள். சரியா?

மேலே பார்க்கவும்.

டோர்ட்முண்டிலிருந்து: மூன்று ஹெட்ஃபோன்களை ஒன்றாக வரவழைத்து, இரண்டைத் திருப்பப் போகிறேன். தவறில்லையே?

சட்டப்படி தவறில்லை. நான் இரண்டு வரை வரவழைத்ததுண்டு. மூன்றாவதற்கு மனம் ஒப்பவில்லை.

ஹாம்பர்க்கிலிருந்து, முன்பு கிடங்கில் வேலை செய்தவர்: திரும்பி வரும் ஒவ்வொன்றையும் பிரித்து, சோதித்து, மெத்தை மாற்றி, குறைந்த விலைக்கு விற்கிறோம். அந்த நட்டம் எல்லோர் விலையிலும் ஏறுகிறது. நீங்கள் இதற்கு வழி சொல்லித் தரலாமா?

மீண்டும் டோர்ட்முண்டிலிருந்து: அந்தச் செலவைக் கணக்கிட்டுத்தானே கடை விலை வைக்கிறது? நான் கொடுத்த விலையில் அந்த உரிமையும் அடக்கம்.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் எல்.எல்.பீன் என்ற ஆடைக் கடை பல ஆண்டுகள் கால வரம்பின்றித் திருப்பி எடுத்துக்கொண்டது. பழைய பொருட்களைச் சிலர் கொண்டுவந்து கொட்டியதால் 2018இல் அதை ஓராண்டாகச் சுருக்கியது. நேர்மையாக வாங்கியவரும் அதில் இழந்தார். ஆனால் வாங்கும் எண்ணத்தோடு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவரும், விருந்துக்குப் போட்டுக்கொண்டு துணியைத் திருப்புபவரைப் போல ஹெட்ஃபோனை வாடகைப் பொருளாக நினைப்பவரும் ஒன்றல்ல. எனக்கு இவற்றைவிடப் பெரிய தவறாகத் தோன்றுவது வேறு: கேட்பறை வைத்திருக்கும் உள்ளூர்க் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து ஐம்பது யூரோ குறைவுக்கு வேறெங்கோ வாங்குவது. அப்படிச் செய்பவர்கள் யாரும் இங்கே வாதாடவில்லை என்பதைக் கவனிக்கிறேன். ஹாம்பர்க் நண்பருக்கு ஒரு சொல்: கிடங்கிலிருந்து குறைந்த விலைக்கு விற்ற அந்தத் திரும்பிய பொருட்களில் இரண்டு என் மேசையில் இருக்கின்றன. பெட்டியோடு வந்தவை.

மீண்டும் ஹாம்பர்க்கிலிருந்து: மெத்தையில் முடி இருந்ததா?

ஒன்று இருந்தது. நரைமுடி.

லண்டனிலிருந்து: ஜெர்மன் கடையில் வாங்கித் திருப்பலாமா?

2021 ஜனவரிக்குப் பிறகு இடையில் சுங்கம் வந்துவிட்டது; திருப்பும்போது அதற்கான தாள்களும் வேலையும் கூடும். பிரிட்டனுக்குள் வாங்கினால் அங்கும் இணையக் கொள்முதலுக்கு 14 நாள் உண்டு.

நியூ ஜெர்சியிலிருந்து: அமெரிக்காவில்?

இணையத்தில் வாங்கியதை மனம் மாறித் திருப்புவதற்கு நாடு முழுவதற்குமான சட்ட உரிமை அங்கே இல்லை. எல்லாம் கடையின் கொள்கையே. கிரட்ச்ஃபீல்டு என்ற மின்னணுக் கடை 60 நாள் தருகிறது. மூன்றாம் நபர் விற்பனையாளரிடம் வாங்கும்போது யாருடைய கொள்கை என்பதைப் படியுங்கள்.

சென்னையிலிருந்து: இந்தியாவில்?

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி பழுதானது, போலியானது, விவரித்தபடி இல்லாதது என்றால் விற்பவர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது. "ஒலி பிடிக்கவில்லை" என்பது அதில் சேராது. பெட்டி பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள், பெட்டியையும் வையுங்கள்.

கொலோனிலிருந்து: இன்று பதினான்காம் நாள். பிடிக்கவில்லை. பெட்டியைப் போன வாரமே குப்பையில் போட்டுவிட்டேன்.

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே கடைக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். ஆர்டர் எண், பொருள் வந்த தேதி, ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறேன் என்ற ஒரு வரி போதும். இன்று நள்ளிரவுக்குள் அனுப்பினால் போதுமானது. ஒன்றும் சொல்லாமல் பொருளை மட்டும் திருப்பி அனுப்பினால் அது விலகலாகாது. அதன் பின் பொருளை அனுப்ப இன்னும் 14 நாள் இருக்கிறது. பெட்டி இல்லை என்பதற்காக அவர்கள் மறுக்க முடியாது, ஆனால் ஏதாவது கழிக்கலாம். எழுதி முடித்ததும், உங்கள் குடியிருப்பின் காகிதத் தொட்டி காலி செய்யப்பட்டுவிட்டதா என்று கீழே இறங்கிப் பாருங்கள்.