சர்வர் பழுதாகி எங்கள் ஊர்ச் சங்கத்தின் இணையதளம் நின்றுவிட்டது. மீட்ட பேக்கப்பில் தமிழ் எல்லாம் சிதைந்து தெரிகிறது. என்ன செய்வது?

முதலில் ஒரு வேண்டுகோள். சிதைந்த தமிழைப் பார்த்துவிட்டு யாரையும் மறுபடி தட்டச்சு செய்ய உட்கார வைக்காதீர்கள். எழுத்து பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கும். எங்கள் ஊர்த் தளத்துக்கும் இதே கதி வந்தது, அதனால் நடந்ததையே சொல்கிறேன்.

எங்களுடையது தஞ்சைப் பக்கம். தளத்தில் ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியல், பள்ளிக்கூடத்துப் பழைய படங்கள், இவற்றோடு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நான்கு வருடமாக ஏற்றிய வயல் பெயர்கள், வாய்க்கால் பெயர்கள், மடைப் பெயர்கள். வேறெங்கும் எழுதி வைக்கப்படாதவை. ஒரு நாள் விடியற்காலை சர்வரின் டிஸ்க் படுத்துவிட்டது. ஏழு மணிக்கு சார் போன் செய்தார்: "தம்பி, நான் போட்டதெல்லாம் போயிடுச்சா?" பார்க்கிறேன் சார் என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

பேக்கப் இருக்கிறது என்று தைரியமாகத்தான் இருந்தேன். திறந்து பார்த்தால் ஐந்து மாதமாக ஒவ்வொரு கோப்பும் சரியாக 20 பைட். ஒன்றுமே இல்லாததை ஜிசிப் என்ற கருவியால் சுருக்கினால் வரும் அளவு அது. தளத்தின் எழுத்தெல்லாம் இருக்கும் டேட்டாபேஸின் பாஸ்வேர்டை மாற்றியபோது பேக்கப் ஸ்கிரிப்டில் மாற்ற மறந்திருக்கிறேன். தேதி போட்ட வெற்றுக் கோப்பு தினமும் விழுந்துகொண்டிருந்தது. பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்க இடம் தரும் கிட்லேப் நிறுவனத்தில் டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தபோதுதான், பேக்கப் கருவியின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் பொருந்தாமல் அவர்களுடைய வழக்கமான பேக்கப் ஓடவே இல்லை என்று தெரிந்தது. ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காக எடுத்த நகல் அவர்களைக் காப்பாற்றியது. எங்களுக்கு அப்படி எதுவும் இல்லை, அந்தப் பழுதான டிஸ்க்தான் இருந்தது.

அதனால் அதன்மேல் எதையும் எழுத விடவில்லை. ரீஸ்டார்ட் செய்து பார்ப்போம், டிஸ்க் செக் ஓட்டுவோம் என்று குழுவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்கில் அது மிச்சத்தையும் கெடுக்கலாம். சர்வர்காரர்களிடம் இன்னொரு டிஸ்கைச் செருகச் சொல்லி, டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியால் முழு நகல் எடுத்தோம். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, பழுதான இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பும். இரவு முழுக்க ஓடியது. அதற்குள் வேறொரு இடத்தில் ஒற்றைப் பக்கம் ஒன்று போட்டு, ரத்தம் தேவைப்பட்டால் கூப்பிட வேண்டிய எண்ணை மட்டும் கொடுத்தோம். மற்றதெல்லாம் காத்திருக்கலாம், அது காத்திருக்க முடியாது.

நகலிலிருந்து எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல்லின் கோப்புறையை எடுத்து, அதே பதிப்பை என் லேப்டாப்பில் நிறுவித் திறந்தேன். சாதாரணமாகத் திறக்கவில்லை. பழுதானாலும் வலுக்கட்டாயமாகத் திறக்க வைக்கும் இன்னோடிபி ஃபோர்ஸ் ரெக்கவரி என்ற அமைப்பை 1-லிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்கலாம். 4-ம் அதற்கு மேலும் தரவையே கெடுக்கக்கூடியவை, நகலில் மட்டும்தான் முயல வேண்டும். எங்களுக்கு 3-ல் திறந்தது.

அங்கிருந்து பேக்கப் எடுத்துப் புதிய சர்வரில் ஏற்றியதும் நீங்கள் பார்த்த அதே காட்சி. உற்றுப் பாருங்கள். தலைமேல் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' அல்லது மேலே ஒரு சின்னக் கோடு, இப்படியே திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியானால் நிம்மதியாக இருங்கள். எழுத்துகளைக் கணினியில் பைட்டுகளாகச் சேமிக்கும் முறைக்குக் குறிமுறை என்று பெயர். எல்லா மொழிகளுக்குமான யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். அவற்றை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய லத்தீன்-1 என்று நினைத்துப் படித்தால் இந்த உருவங்கள்தான் வரும். வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால்தான் எழுத்து உண்மையிலேயே போயிருக்கக்கூடும்.

மைஎஸ்கியூஎல் 8.0 வரும் வரை அதன் இயல்பான குறிமுறை லத்தீன்-1. பழைய தளங்கள் தமிழை அதற்குள் அப்படியே போட்டு அப்படியே எடுத்தன, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. பேக்கப் எடுக்கும்போது கருவி அதை லத்தீன் என்று நம்பி யூடிஎஃப்-8-க்கு இன்னொரு முறை மாற்றுகிறது, அங்கேதான் சிதைகிறது. ஆகவே மைஎஸ்கியூஎல்டம்ப் என்ற அந்த பேக்கப் கருவியை ஓட்டும்போது இயல்பான குறிமுறை லத்தீன்-1 என்றே கொடுத்து எடுங்கள். கோப்பைத் திறந்தால் தமிழ் தமிழாகத் தெரியும். பிறகு மேலே குறிமுறையைச் சொல்லும் 'செட் நேம்ஸ்' வரியிலும், டேபிள் வரையறைகளிலும் லத்தீன்-1 என்று இருப்பதை யூடிஎஃப்8எம்பி4 (முழு யூடிஎஃப்-8-க்கு மைஎஸ்கியூஎல்லில் உள்ள பெயர்) என்று மாற்றி ஏற்றுங்கள். எங்களுக்கு இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள், செய்து முடிக்கப் பத்து நிமிடம்.

டொமைனைப் புதிய சர்வருக்குத் திருப்பிய பிறகும் சிலருக்கு ஒரு நாள் வரை பழைய முகவரியே போகலாம், பதற வேண்டாம். காணாமல் போன படங்களில் கொஞ்சம் இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் கிடைத்தன.

தளம் வந்த அன்று மாலை சார் வீட்டுக்குப் போய்க் காட்டினேன். ஃபோனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து இலுப்பைத்திடல், நெட்டைப்பங்கு என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. எதுவும் விடுபடவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் பேக்கப்பை லேப்டாப்பில் ஏற்றித் திறந்து பார்க்கிறேன். உங்கள் பழைய டேட்டாபேஸ் இன்னும் திறக்கிறது என்றால், டேபிளின் வரையறையைக் காட்டும் 'ஷோ கிரியேட் டேபிள்' கட்டளையைக் கொடுத்துக் கடைசி வரியில் என்ன குறிமுறை இருக்கிறது என்று கருத்தில் எழுதுங்கள். அதைப் பார்த்து அடுத்த படியைச் சொல்கிறேன்.