உழைப்பவர் பெண், ஆவணத்தில் விவசாயி ஆண்: இது ஏன்?

வடசென்னையை ஒட்டிய கீரைத் தோட்டங்களில் நாள் முழுவதும் பெண்கள் உழைக்கும்போது, ‘விவசாயி’ என்று ஆணை மட்டும் குறிப்பிடுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதன்மையான காரணம், நில உரிமை ஆவணமான பட்டா பெரும்பாலும் ஆணின் பெயரில் இருப்பது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சாகுபடி நிலத்தைத் தம் பொறுப்பில் நடத்துவோரில் பெண்கள் ஏறத்தாழ 14 விழுக்காடுதான். இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம உரிமை தந்து தமிழ்நாடு 1989-இலேயே சட்டத்தைத் திருத்தியது. ஆனால் அதற்கு முன்பே மணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-இல் மத்தியச் சட்டம் அந்தத் தடையையும் நீக்கிய பிறகுகூட, பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடக் கூடாதே என்று தம் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் பெண்கள் பலர். இதுதான் எனக்கு மிகவும் வேதனையளிக்கிறது.

இரண்டாவது காரணம் வேலைப் பிரிவினை. உழவு, மருந்தடிப்பு, சந்தை ஆகியவை ஆணுக்கும், நடவு, களையெடுப்பு ஆகியவை பெண்ணுக்கும் என்றே வழக்கம் இருக்கிறது. நடவு இயந்திரம் வந்தாலோ அதை ஓட்டுபவர் பெரும்பாலும் ஆண். மாதவரம் பக்கம் நான் பார்த்த ஓர் அம்மா, விடியுமுன் குந்தி உட்கார்ந்து, சிறுகீரையை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, வாழைநாரால் கட்டுக் கட்டாகக் கட்டி வைப்பார். அவற்றை வண்டியில் ஏற்றிச் சென்று, விலை பேசி, காசு வாங்குபவர் அவருடைய கணவர்.

பட்டாவில் மனைவியின் பெயரும் சேர்ந்திருந்தால், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்கு அவரே விண்ணப்பிக்க வழி உண்டு.