10 மீட்டரில் காது அடைக்கிறதா?

மூச்சடக்கி நீருக்குள் மூழ்கும்போது (ஃப்ரீடைவிங்), கால் கீழாக இறங்கினால் காது திறக்கிறது, தலைகீழாகப் போனால் 10 மீட்டரில் அடைத்துக்கொள்கிறது என்கிறீர்கள். வயிற்றை இறுக்கிக் காற்றைத் தள்ளுகிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது. அந்த ஆழத்தில் நுரையீரல் காற்று பாதியாகச் சுருங்கிவிடும். அதைத் தலைப்பக்கம் இறக்குவது பெரும்பாடு.

நாக்கால் காற்றைத் தள்ளிக் காதைத் திறக்கும் ஃப்ரென்ஸல் முறையைப் பழகுங்கள். முதலில் தரையில்: மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையை வயிற்றில் வைத்துக் காதைத் திறந்து பாருங்கள். வயிறு அசைந்தால் பழைய முறையேதான். கனமான பொருளைத் தூக்கும்போது தொண்டையில் மூச்சை அடைப்போமே, அப்படி மூடிக்கொண்டு நாக்கின் பின்பகுதியை மட்டும் மேலே தள்ள வேண்டும். விரல்களுக்கிடையே மூக்கு லேசாக உப்பும், வயிறு சும்மா இருக்கும். இது பிடிபடச் சில வாரங்கள்கூட ஆகலாம்.

அப்புறம், இறங்கும்போது அடியை எட்டிப் பார்க்காதீர்கள், கழுத்து இழுபடும். வலித்தால் அழுத்தாமல் மேலே திரும்புங்கள். தனியாக இறங்கவே வேண்டாம்.