எல்ஃப், இம்ப், காப்லின்: எதை வைத்துக்கொள்வது?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

தமிழில் எழுதிய என் சிறுவர் கதையை நானே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டிப்பூதம் வருகிறது. எல்லோரும் தூங்கியபின் வீட்டைப் பெருக்கி, சாமான்களை அடுக்கி வைக்கும். ஒருநாள் வீட்டுக்காரர் அதைக் கேலி செய்துவிடுகிறார். அன்றிலிருந்து சாவியை ஒளிக்கிறது, போர்வையை உருவுகிறது. இதை முதல் அத்தியாயத்தில் எல்ஃப் என்றும், அடுத்ததில் இம்ப் என்றும், அப்புறம் காப்லின் என்றும் எழுதிவிட்டேன். அகராதியைப் பார்த்தால் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். எதை வைத்துக்கொள்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இப்போதைக்கு மூன்றையும் எடுத்துவிடுங்கள். பெயர் மாறினால், வேறொரு பூதம் வந்துவிட்டது என்றுதான் படிக்கிற பிள்ளை நினைக்கும்.

அகராதியில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கதைகளில் இவை தனித்தனி ஆட்கள். இம்பையே பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இளந்தளிர் என்று பொருள். நாமும் பிள்ளையைத் தளிர் என்கிறோமே, அதேபோல அங்கேயும் தளிர் பிள்ளையாயிற்று. பிறகு சாத்தானின் பிள்ளையாயிற்று. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் நடந்த சூனிய வழக்குகளில், சூனியக்காரியின் ஏவலுக்குத் தீங்கு செய்யும் சிறு பிராணிகளை இம்ப் என்றார்கள். அதாவது, இம்புக்கு மேலே ஓர் எஜமான் உண்டு. உங்கள் பூதத்தை யாரும் ஏவவில்லை. அதுவாக வந்தது, அதுவாகக் கோபித்துக்கொண்டது.

எல்ஃப் வேண்டவே வேண்டாம். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலை எழுதிய டோல்கீனுக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டால் பாதிப்பேருக்கு நெடிதுயர்ந்த அழகர்கள் தெரிவார்கள். மீதிப்பேருக்குக் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குப் பொம்மை செய்து தருகிறவர்கள் தெரிவார்கள். காப்லின் கொஞ்சம் பொருந்தும்தான். ஆனால் பெயரைச் சொன்னதுமே கெட்டது என்று தெரிந்துவிடும். முதலில் அது நல்லதாக இருப்பதில்தானே உங்கள் கதையின் உயிர் இருக்கிறது?

உங்கள் பூதத்துக்கு நேர் உறவு ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் இருக்கிறது. பெயர் பிரௌனி. இரவில் வந்து வீட்டுவேலை செய்யும். அதற்காகக் கொஞ்சம் பாலோ பாலாடையோ ஓரமாக வைத்துவிட வேண்டும், கூலி என்று சொல்லி நீட்டக்கூடாது. புதுத்துணி கொடுத்தால் வீட்டைவிட்டே போய்விடும். அவமதித்தால் பாகர்ட் ஆகிவிடும். பாகர்ட் என்ன செய்யும்? பொருள்களை ஒளிக்கும், தூங்குகிறவரின் போர்வையை உருவும். உங்கள் கடிதத்தில் இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிரௌனியில் ஒரு சங்கடம், இன்றைய பிள்ளைக்கு அது சாக்லேட் கேக். அதனால் ஹாப் என்று வையுங்கள். வட இங்கிலாந்தில் வீட்டில் தங்கி உதவும் பூதத்துக்கு அதுவும் பெயர்தான். ராபர்ட், ராபின் போன்ற பெயர்களின் செல்லச் சுருக்கம் அது, அதனால் வீட்டுப்பிள்ளையைக் கூப்பிடுவதுபோல இருக்கும்.

கேலி செய்யும் காட்சிவரை அது ஹாப்தான், ஓர் இடத்தில்கூட மாற்றாதீர்கள். மறுநாள் காலை வீட்டுக்காரர் சாவியைத் தேடி அலைவாரே, அங்கே பாட்டியோ பக்கத்துவீட்டுக்காரரோ முதல்முறையாகப் பாகர்ட் என்று சொல்லட்டும். அந்த ஓர் இடத்தில் மட்டும் பெயர் மாறலாம், ஏனென்றால் அங்கே பூதமே மாறிவிட்டது.

அன்புடன்